ஃபார்ச்சூனர் 3.0 டீசல்: இன்டேக் மேனிஃபோல்டில் விரிசல், ஒட்டுவதா மாற்றுவதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். 2012 மாடல் ஃபார்ச்சூனர், 3.0 டீசல், ஃபோர் வீல் டிரைவ், மேனுவல் கியர். வால்பாறைப் பக்கம் எஸ்டேட் ரோட்டில் ஓடுகிற வண்டி. ஏற்றத்தில் பிக்கப் இல்லை, கறுப்புப் புகை தள்ளுகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ‘உஸ்’ என்று காற்று போகிற சத்தம். திறந்து பார்த்ததில் இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற குழாய்த் தொகுதி) கடைசி போல்ட் காதில் (போல்ட் நுழைகிற விளிம்பு) ஆரம்பித்து உள்குழாய் வரை ஓடும் ஒரு விரிசல். ஒரு மெக்கானிக் எம்-சீல் போதும் என்கிறார். இன்னொருவர் ஆர்கான் வெல்டிங் என்கிறார். ஷோரூமில் முழுசாக மாற்றச் சொல்கிறார்கள். இதில் எது சரி, வேலையை வீட்டில் வைத்தே செய்ய முடியுமா, கழற்றும்போது கூடவே எதையெல்லாம் மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றுவதுதான் சரி. ஆனால் புதுசு வாங்குவதற்கு முன்னால் பழையது ஏன் விரிந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் புதுசும் அதே இடத்தில் விரியும்.

உங்கள் எஞ்சின் 1கேடி-எஃப்டிவி. 2982 சிசி, நாலு சிலிண்டர், காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயரழுத்த டீசல் குழாய்), வேரியபிள் டர்போ. இந்தியாவில் 2009-இல் ஃபார்ச்சூனர் வந்தபோது 171 குதிரைத்திறன், 343 நியூட்டன் மீட்டர் டார்க் என்று விற்றது இந்த எஞ்சினைத்தான். இதில் இன்டேக் மேனிஃபோல்ட் அலுமினிய வார்ப்பு. லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4-இன் 3.0 வி6 டீசலில் வருகிற பிளாஸ்டிக் மேனிஃபோல்ட், இரண்டு பாதியை இணைத்த கோட்டிலேயே பிளந்துகொள்வது அந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அங்கே பொருளே பலவீனம், வயசானால் போகும். அலுமினிய வார்ப்பு அப்படிப் போகாது. டர்போ தள்ளும் அழுத்தம் ஒரு பாரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அந்த வார்ப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே அலுமினிய மேனிஃபோல்ட் விரிந்திருந்தால், காற்றழுத்தத்தை விட்டுவிட்டு வேறு ஏதோ ஒன்று அதை வளைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போல்ட் காதில் விரிசல் ஆரம்பித்திருக்கிறது என்று நீங்கள் சொன்னது நல்ல தடயம். குழாயின் நடுவில் விரிந்திருந்தால் அடிபட்டதா, வார்ப்பில் குறையா என்று யோசிக்கலாம். காதில் ஆரம்பித்தால் பெரும்பாலும் மனுசன் கை வேலைதான். உள்ளே படிகிற கரியை எடுக்க மேனிஃபோல்ட் இதற்கு முன்னால் எங்காவது கழற்றப்பட்டதா என்று விசாரியுங்கள். எஞ்சின் ஹெட்டோடு மேனிஃபோல்ட் சேர்கிற தட்டைப் பரப்புதான் முகப்பு; நடுவில் கசிவைத் தடுப்பது கேஸ்கட். பழைய கேஸ்கட்டின் துணுக்கு முகப்பில் ஒட்டியிருக்க, அதன்மேல் மேனிஃபோல்டை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாக முறுக்கினால், கடைசிக் காது அந்தரத்தில் நிற்கும். அந்தப் போல்ட்டை இறுக்க இறுக்க அலுமினியம் வளையும். அன்றைக்கு உடையாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அதிர்வில், சூடாகி ஆறி சூடாகி, ஒருநாள் கோடு விடும்.

இன்னொரு காரணம் பிராக்கெட். உங்கள் மாடலில் இன்டர்கூலர் எஞ்சினின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. பானட்டில் இருக்கிற அந்த வாய் அதற்குத்தான் காற்றைக் கொண்டுபோகிறது. இன்டர்கூலர், குழாய்கள், த்ராட்டில் பாடி, இ.ஜி.ஆர். வால்வு (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது) எல்லாவற்றையும் தாங்கச் சின்னச் சின்ன பிராக்கெட்டுகள் இருக்கும். கை நுழையாத இடத்தில் இருக்கிற பிராக்கெட் போல்ட்டை மாட்டாமல் விடுவது பட்டறைகளில் சகஜம். ‘ஒண்ணு இல்லாட்டி என்ன’ என்று அந்தப் போல்ட் தட்டில் கிடக்கும். அப்புறம் அத்தனை பாரமும் மேனிஃபோல்டின் ஒரு முனையில் தொங்கும். எஸ்டேட் ரோட்டின் குலுக்கலில் அந்த முனை என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. கழற்றும்போது காலியாக இருக்கிற ஒவ்வொரு போல்ட் துளையையும் குறித்து வையுங்கள். எஞ்சின் மவுண்ட் உட்கார்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். எஞ்சின் அளவுக்கு மீறி ஆடினால், பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற ஒவ்வொரு குழாயும் மேனிஃபோல்டைப் பிடித்து இழுக்கும்.

இப்போது எம்-சீல். வேண்டாம். வெளியே பூசுவது அழுத்தத்தில் உரியும் என்பது சின்ன விஷயம். உள்ளே இருக்கிற கரியும் ஆயிலும் விரிசல் வழியே கசிந்து வந்திருக்கும். அந்தப் பரப்பில் எதுவும் ஒட்டாது. பூசினது கெட்டியானதும் அதன் துணுக்கு ஒன்று விரிசல் வழியாக உள்ளே விழுந்தால் நேரே வால்வுக்கும் பிஸ்டனுக்கும் போகும். நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால், டவுனுக்கு வந்து சேர, மெதுவாக ஓட்டுவதற்கு மட்டும் அது சரி.

வெல்டிங் அவ்வளவு மோசமான யோசனை இல்லை. கோயம்புத்தூரில் அலுமினிய வார்ப்பை நன்றாக ஆர்கான் வெல்டிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று நிபந்தனை. விரிசல் முகப்பைத் தொடாமல் குழாயின் நடுவில் இருக்க வேண்டும். விரிசல் முடிகிற முனையில் சின்னத் துளை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்த வேண்டும். மேனிஃபோல்டை உள்ளும் புறமும் கரி இல்லாமல் கழுவி, சூடேற்றி, வார்ப்புக்குள் ஊறியிருக்கிற ஆயிலை வெளியே எடுத்த பிறகுதான் ராடு வைக்க வேண்டும். ஊறிய ஆயில் இருந்தால் வெல்டிங்கில் குமிழி குமிழியாக ஓட்டை விழும். பார்வைக்கு மூடியிருக்கும், காற்று போகும். வெல்டிங் சூட்டில் முகப்பு வளைந்திருக்கும் என்பதால் அதற்குப் பிறகு மெஷினில் சர்ஃபேஸ் செய்து சமமாக்கியே ஆக வேண்டும்.

உங்களுக்கு விரிசல் காதிலேயே இருக்கிறது. போல்ட்டின் இறுக்கம் முழுவதும் வெல்டிங் மேல் விழும். அதனால்தான் மாற்றச் சொல்கிறேன்.

புதுசு விலை அதிகம் என்று தோன்றினால் பழைய மேனிஃபோல்ட் வாங்கத் தயங்க வேண்டாம். சென்னையில் புதுப்பேட்டை, அல்லது அடிபட்ட ஃபார்ச்சூனரைப் பிரித்து விற்கிற எந்த இடமும் சரி. அலுமினிய மேனிஃபோல்டில் தேய்கிற பாகம் எதுவும் இல்லை. ஸ்விர்ல் வால்வு (காற்றைச் சுழற்றிவிடுகிற தகடு) உள்ள மாடல் என்றால் அந்த ஷாஃப்ட்டின் ஆட்டத்தை மட்டும் கையால் ஆட்டிப் பாருங்கள். முன்பக்கம் மோதின வண்டியிலிருந்து எடுத்தது என்றால் ஜாக்கிரதை. வாங்குமுன் ஒரு பழைய சோதனை: நன்றாகக் கழுவிக் காயவைத்து, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவி, வெளிப்பக்கம் சாக்பீஸ் தூளைப் பூசி அரைமணி நேரம் விடுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் ஈரக்கோடு எழும். சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் சேர்ந்த ஸ்பிரே கிட் கிடைத்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். முகப்பின்மேல் நேரான இரும்பு அளவுகோலை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் தகடு எங்கேயாவது நுழைந்தால் நான் சர்ஃபேஸுக்கு அனுப்பிவிடுவேன்.

கடையில் இன்னோவாவின் 2கேடி எஞ்சின் மேனிஃபோல்டைக் காட்டி, இதுவே உட்காரும் சார் என்பார்கள். போல்ட் துளை பொருந்தினால் மட்டும் போதாது, இ.ஜி.ஆர். ஃபிளாஞ்ச், த்ராட்டில் முகப்பு, பிரஷர் சென்சாருக்குப் போகிற குழாயின் முனை எல்லாமே ஒத்துப்போக வேண்டும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுங்கள். பழசைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது எல்லாவற்றையும்விட நம்பகம்.

பணம் செலவழிப்பதற்கு முன் இன்னும் ஒன்றை உறுதி செய்யுங்கள்: காற்று அந்த விரிசல் வழியாக மட்டும்தான் போகிறதா? இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்தாலும், இன்டர்கூலரின் பிளாஸ்டிக் முனை விட்டாலும், இ.ஜி.ஆர். கேஸ்கட் போனாலும் இதே புகை, இதே சத்தம்தான். ஸ்கேனரில் பி0299 என்று எரர் கோட் வந்தால் ‘பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், போதவில்லை’ என்பது மட்டும்தான் அர்த்தம்; எங்கே போகிறது என்று அது சொல்லாது. ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து புகை விட்டுப் பார்க்கிற மெஷின் உள்ள பட்டறை என்றால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மெஷின் இல்லையென்றால் டர்போவுக்குள் போகிற ஹோஸை அடைத்து, ரெகுலேட்டர் வைத்து அரை பாருக்கு மேல் போகாமல் காற்றடித்து, சோப்பு நுரை தடவுங்கள். கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸைக் (எஞ்சினின் அடிப்பகுதி ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவருகிற குழாய்) கழற்றி அந்த வாயை அடைத்துவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். மறந்தால் அழுத்தம் ஆயில் சம்ப் பக்கம் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். சூட்டில் மட்டும் திறக்கிற விரிசல் உண்டு, ஆகவே குளிர்ந்த எஞ்சினில் நுரை வராவிட்டால் மிதமான சூட்டில் இன்னொரு முறை செய்யுங்கள். ஓடுகிற எஞ்சின்மேல் பிரேக் கிளீனர் மாதிரி எரிகிற எதையும் அடித்துப் பார்க்காதீர்கள். பெட்ரோல் வண்டிக்காரர்களின் வித்தை அது. அந்த ஸ்பிரே டீசல் எஞ்சினுக்குள் போனால் எரிபொருளாகவே எரியும்.

விரிசலோடு கொஞ்ச நாள் ஓட்டினால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பார்ட்ஸ் வரும்வரை ஓட்டத்தான் போகிறீர்கள். ஏர்மாஸ் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அது அளந்த காற்றில் ஒரு பங்கு விரிசல் வழியே வெளியே போய்விட, மீதிக் காற்றுக்கு டீசல் அதிகமாகிவிடுகிறது. அதுதான் கறுப்புப் புகை. கேட்ட பூஸ்ட் வரவில்லை என்று எஞ்சின் கம்ப்யூட்டர் டர்போவை மேலும் விரட்டும். டர்போ அளவுக்கு மீறிச் சுற்றும், எக்ஸாஸ்ட் சூடேறும். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறுகிற வண்டிக்கு இது நல்லதில்லை. ஏறும்போது கியரைக் குறைத்து, ஆக்சிலரேட்டரைப் பாதியில் வைத்து ஓட்டுங்கள்.

தூசி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். டர்போ இல்லாத பழைய டீசல் ஜீப்பில் மேனிஃபோல்ட் விரிந்தால் எஞ்சின் எந்நேரமும் அந்த வழியாக ஃபில்டர் இல்லாத காற்றை உறிஞ்சும்; பிஸ்டன் ரிங்கும் லைனரும் சீக்கிரமே போய்விடும். உங்கள் வண்டியில் லோடில் இருக்கும்போது காற்று வெளியே தள்ளப்படுகிறது, உள்ளே வருவதில்லை. ஐடிலில், இறக்கத்தில், இ.ஜி.ஆருக்காக த்ராட்டில் கொஞ்சம் மூடுகிற நேரத்தில்தான் மேனிஃபோல்ட் லேசாக உறிஞ்சும். அப்போது மண் ரோட்டில் இன்னொரு வண்டியின் பின்னால் போய்க்கொண்டிருந்தால் தூசி உள்ளே போகும். வாரக்கணக்கில் இப்படி ஓடியிருந்தால், அடுத்த ஆயில் மாற்றும்போது கொஞ்சம் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பி சிலிக்கான் அளவு பாருங்கள். மண்ணின் அடையாளம் அது. அளவு ஏறியிருந்தால் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

இனி வேலை. வீட்டில் வைத்துச் செய்யலாமா என்றால், ரெஞ்ச் பிடித்துப் பழகினவர், மழையும் தூசியும் படாத கூரை, டார்க் ரெஞ்ச் மூன்றும் இருந்தால் செய்யலாம். மேனிஃபோல்டைக் கழற்றுவது கஷ்டம் இல்லை. அதற்கு வழிவிட வேண்டிய காமன் ரெயில் குழாய்கள்தான் பயப்பட வேண்டிய இடம். ஓடும்போது அதற்குள் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். எஞ்சினை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவை எடுத்து, எஞ்சின் நன்றாக ஆறட்டும். அதற்குள் ரெயிலில் அழுத்தம் இறங்கிவிடும். எந்தக் கசிவையும் விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும், அது ஆபரேஷனில் போய் முடியும்.

கழற்றுமுன் எஞ்சினின் மேல்பகுதியைக் கழுவிக் காற்றடித்துவிடுங்கள். இதை எல்லோரும் தாண்டிப் போவார்கள். டீசல் குழாயைத் திறந்த பிறகு பக்கத்திலிருந்து விழுகிற ஒரு மணல் துகள் போதும், இன்ஜெக்டர் கதை முடிந்தது. இன்ஜெக்டர், ரெயில், பம்ப் எல்லாவற்றின் வாய்க்கும் திறந்த உடனே மூடி போட வேண்டும். மூடி இல்லையென்றால் சுத்தமான பாலிதீனைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். பஞ்சுத் துணி வேண்டாம், நூல் விடும்.

வரிசை இப்படிப் போகும். பானட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் கவரும் இன்டர்கூலரும் முதலில் வெளியே. இன்டர்கூலரைச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே தேங்கிய ஆயில் வந்தால் ஒரு டப்பாவில் பிடியுங்கள். லேசான ஆயில் சகஜம். டம்ளர் கணக்கில் வந்தால் டர்போவைப் பார்க்க வேண்டும். பிறகு த்ராட்டில் பாடி, இ.ஜி.ஆர். வால்வு, அதற்குப் போகிற குழாய். கூலன்ட் ஹோஸ் எதையாவது கழற்ற வேண்டி வந்தால் முன்கூட்டியே ரேடியேட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். வேக்குவம் ஹோஸ்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்; கழற்றுமுன் போனில் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி நம்பர் போடுங்கள். இதில் இரண்டு ஹோஸ் இடம் மாறினால் மாற்றின மேனிஃபோல்டைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு வாரம் அலைவீர்கள்.

இன்ஜெக்டர் குழாய்களின் நட் 17 எம்.எம். எந்தக் குழாய் எந்த சிலிண்டருக்கு என்று குறித்துக்கொண்டு, திருப்பி அதே இடத்தில்தான் போட வேண்டும். இன்ஜெக்டரையோ ரெயிலையோ புதிதாகப் போட்டால் குழாயும் புதுசு போட வேண்டும் என்பது டொயோட்டாவின் விதி. இரண்டையும் மாற்றாமல் அதே இடத்தில் பூட்டினால் பழைய குழாயே போதும், முனையில் உள்ள கூம்பில் கீறல் இல்லாத வரை. ‘கழற்றினதுதான் கழற்றினோம், இன்ஜெக்டரையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்ப்போம்’ என்று ஒரு ஆசை வரும். இந்த எஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கிற செம்பு வாஷர் கசிந்து, கரி ஆயிலில் கலந்து, சம்ப்பின் சல்லடையை அடைப்பது உலகறிந்த நோய்தான். அறிகுறி இருந்தால், அதாவது குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது தட்டும் சத்தம், ஸ்கேனரில் இன்ஜெக்டர் திருத்த அளவு எல்லை தாண்டுவது என்று ஏதாவது இருந்தால், இதே சமயத்தில் செய்யுங்கள். ஒன்றும் இல்லாமல் கையை வைக்காதீர்கள்.

மேனிஃபோல்ட் போல்ட்கள், நட்கள் 12 எம்.எம். ஸ்பேனருக்கு வரும். ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அடிவரிசைக்கு எக்ஸ்டென்ஷனும் யுனிவர்சல் ஜாயின்ட்டும் பொறுமையும் வேண்டும். எல்லாம் வந்த பிறகும் மேனிஃபோல்ட் அசையாது, கரி பிடித்து வைத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். பழைய பார்ட் போனால் போகிறது. ஹெட்டின் முகப்பில் பள்ளம் விழுந்தால் யார் பொறுப்பு? ரப்பர் சுத்தியலால் தட்டி, இரண்டு பக்கமும் ஆட்டினால் வந்துவிடும். எத்தனை போல்ட், எந்த நீளம் எங்கே என்று அட்டையில் மேனிஃபோல்ட் மாதிரி வரைந்து குத்தி வைப்பது நல்ல பழக்கம்.

வெளியே வந்ததும் உள்ளே பார்த்தால் திகைப்பீர்கள். இ.ஜி.ஆர். கொண்டுவருகிற கரியும் பிரீதர் கொண்டுவருகிற ஆயில் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டி, குழாயின் விட்டத்தையே குறைத்திருக்கும். புது மேனிஃபோல்டைப் போட்டாலும் ஹெட்டில் இருக்கிற கரி அங்கேயேதான் இருக்கும். அதைச் சுரண்டும்போது வால்வு மூடியிருக்கிற சிலிண்டரில் மட்டும் கை வையுங்கள். கிராங்க்கைக் கையால் திருப்பி ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளலாம். ஒரு பக்கம் வேக்குவம் கிளீனர் இழுக்க, மறுபக்கம் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டி. எமரித் தாளோ கிரைண்டரில் மாட்டுகிற தேய்ப்புச் சக்கரமோ கூடவே கூடாது. அதன் தூள் ஆயிலில் கலந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். ஹெட்டின் காற்று வாயில் (போர்ட்) துணி அடைத்தால் எத்தனை துணி என்று எழுதி வைத்து, எடுக்கும்போது எண்ணுங்கள்.

இ.ஜி.ஆர். வால்வு, த்ராட்டில் பாடி, பிரஷர் சென்சாருக்குப் போகிற சின்னக் குழாய் மூன்றையும் இதே சமயம் கழுவிவிடுங்கள். அந்தச் சின்னக் குழாய் கரியால் அடைத்திருந்தால், மேனிஃபோல்டை மாற்றின பிறகும் கம்ப்யூட்டருக்குத் தப்பான அழுத்தம்தான் தெரியும். த்ராட்டில் தட்டை விரலால் வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். உள்ளே மோட்டாரின் பல்சக்கரம் இருக்கிறது. கழுவின பாகம் எல்லாம் சொட்டு ஈரம் இல்லாமல் காய வேண்டும். மேனிஃபோல்டிலோ இன்டர்கூலரிலோ மண்ணெண்ணெயும் டீசலும் தேங்கி இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் அதைக் குடித்துத் தானாக வேகம் எடுக்கும். சாவியை எடுத்தாலும் நிற்காது. இந்த ஆபத்தைச் சொல்லாமல் எந்த மெக்கானிக்கும் பையன்களுக்கு மேனிஃபோல்ட் கழுவக் கொடுக்கக் கூடாது.

பூட்டும்போது புதுக் கேஸ்கட். இது உலோகத் தகடு வகை. ஒருமுறை நசுங்கினது மறுபடி நசுங்காது. கேஸ்கட்டின் மேல் சிலிகான் பேஸ்ட் தடவாதீர்கள், உள்பக்கம் பிதுங்கி உடைந்து எஞ்சினுக்குள் போகும். இ.ஜி.ஆர்., த்ராட்டில் கேஸ்கட்களும் புதுசு. எல்லா போல்ட்டையும் விரலால் முழுசாக ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர். நடுவிலிருந்து ஓரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றாக இறுக்குங்கள். அலுமினியத்தில் இறங்கும் இந்த 8 எம்.எம். போல்ட்களுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரும். உங்கள் மாடலின் மேனுவலில் போட்டிருப்பதே கடைசி வார்த்தை. இந்த அளவில் நிறுத்தும்போது இறுக்கம் பத்தாதென்று தோன்றும். அந்தத் தோற்றம்தான் பழைய காதை உடைத்தது. இன்டர்கூலரையும் குழாய்களையும் வைக்கும்போது எதையும் இழுத்துப் பிடித்துப் போல்ட் போடாதீர்கள். துளை தானாக நேரில் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு பிராக்கெட் வளைந்திருக்கிறது, அதைச் சரி செய்யுங்கள். காலியாக இருந்ததாகக் குறித்து வைத்த துளைகளுக்கெல்லாம் சரியான போல்ட் வாங்கிப் போடுங்கள்.

டீசல் குழாய் நட்களை முதலில் கையால் ஏற்றி, கூம்பு நேராக உட்கார்ந்ததும் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். ஃபில்டர் தலையில் இருக்கிற கைப்பம்பை, கெட்டியாகும் வரை அழுத்துங்கள். பழைய எஞ்சின் மாதிரி இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் லாக் எடுக்கிற வேலை காமன் ரெயிலில் கிடையாது. செல்ஃப் அடித்தால் தானாகவே பிடிக்கும். பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல் இடையில் விட்டு விட்டு அடியுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விட்டு, அட்டைத்துண்டை நீட்டி டீசல் கசிவு பாருங்கள். கூலன்ட் இறக்கியிருந்தால் ஏற்றிக் காற்று எடுங்கள். பழைய எரர் கோடுகளை (code) அழித்துவிட்டு ஸ்கேனரை மாட்டிக்கொண்டே ஒரு நல்ல ஏற்றத்தில், மூன்றாவது கியரில் முழுசாக மிதித்து ஓட்டுங்கள். கேட்கிற பூஸ்டும் கிடைக்கிற பூஸ்டும் ஒன்றை ஒன்று நெருங்கி ஓட வேண்டும்.

நெருங்கவில்லையா? சத்தமும் இல்லாமல் பூஸ்ட் மட்டும் குறைந்தால் டர்போவின் வேன்கள் (எக்ஸாஸ்டைத் திருப்பிவிடுகிற சின்ன இதழ்கள்) கரியில் ஒட்டியிருக்கலாம். இவ்வளவு நாள் கறுப்புப் புகையோடு ஓடின வண்டியில் அது நடக்கக்கூடியதுதான். பூஸ்ட் சரியாக வந்து புகை மட்டும் நிற்காவிட்டால் ஏர்மாஸ் சென்சார் அளவையும் இ.ஜி.ஆர். முழுசாக மூடுகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு வாரம் ஓடின பிறகு, குளிர்ந்த எஞ்சினில், புது மேனிஃபோல்டின் முகப்பு ஓரத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி கறுத்தால் அந்த இடத்தில் கேஸ்கட் உட்காரவில்லை என்று அர்த்தம்.

இ.ஜி.ஆரைத் தகடு வைத்து அடைத்துவிடலாமா என்று யாராவது இந்நேரம் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கரி குறையும், உண்மைதான். ஆனால் மாசு விதிக்கு அது ஒத்துவராது. கம்ப்யூட்டரும் எதிர்பார்த்த காற்றோட்டம் மாறினதைக் கண்டுபிடித்து பி0400 வகை எரர் கோட் போட்டு எஞ்சின் லைட்டை எரியவிடும். கழற்றிக் கழுவிப் போட்டாலே ரொம்ப காலம் வரும்.